வீதியில் நின்று மூன்று தரம் கூப்பிட்டது பற்றி

ஊர்காவற்றுறை பொலிஸ் நிலையம். 2025 மாசி (பெப்ரவரி) மாதம் 11 ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 9.50 மணி. பதிபவர்: பெண் பொலிஸ் கான்ஸ்ரபிள் மேர்சி. சாட்சி பேசிய மொழி: தமிழ்.

பெயர்: சரவணமுத்து இலட்சுமிப்பிள்ளை. வயது: 68. விதவை. தொழில்: வீட்டுத் தோட்டமும் நான்கு ஆடுகளும். முகவரி: வேலணை மேற்கு, 8 ஆம் வட்டாரம்.

நான் மேலே சொன்ன முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். தொழில் என்ற இடத்தில், பதிகிற இந்தப் பொலிஸ் பிள்ளை முதலில் வீட்டுப்பணி என்று எழுதினார். பணிவிடை செய்வதற்கு என் வீட்டில் ஒருவரும் இல்லை என்று சொல்லி அதை மாற்றுவித்தேன். என் கணவர் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. எங்களுக்கு ஒரே மகன், பெயர் தயாபரன், வயது 41. அவனும் மருமகள் பிரியவதனியும் கனடாவில் மொன்றியல் என்ற பெரிய நகரத்துக்குப் பக்கத்தில் ஏரிக்கரையோரமான ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கி இருக்கிறார்கள். அந்த ஊரின் பெயர் என் வாயில் வராது. மகன் எழுதித் தந்த துண்டைக் கொடுத்திருக்கிறேன், அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

பத்து நாளைக்கு முன் கிராம அலுவலர் என் வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் தந்தார். மகனின் பக்கத்து வீட்டில் தனியாக இருந்த ஜிசேல் என்ற 81 வயதுப் பெண்மணி போன ஐப்பசியில் வீட்டுக்குள் விழுந்து இறந்ததைப் பற்றி அந்த நாட்டு மரண விசாரணை அதிகாரி ஐந்து கேள்வி அனுப்பியிருப்பதாகவும், நான் பொலிசில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருந்தது. அவ நாட்கணக்கில் வெளியே தென்படாததை எங்கள் வீட்டில் யாராவது கவனித்தார்களா, கவனித்தால் யாருக்காவது சொன்னார்களா என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய விஷயம். ஒருவரும் கவனிக்கவில்லை என்று என் மகன் அங்கே ஏற்கனவே எழுதிக் கொடுத்துவிட்டான்.

இன்று காலை வேலணையில் பஸ் ஏறும்போது எல்லாக் கேள்விக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் இருந்தேன். அப்படிச் சொல்லும்படி மகன் கேட்டிருந்தான். அவவைத் தெரியுமா, கடைசியாக எப்போது கண்டீர்கள், தென்படாததைக் கவனித்தீர்களா என்ற முதல் மூன்று கேள்விக்கும் அப்படியே சொன்னேன், இந்தப் பிள்ளையும் எழுதினார். நாலாவது கேள்வியை வாசித்துக் கேட்ட பிறகு முன்னர் சொன்ன மூன்றையும் வெட்டச் சொன்னேன். வெட்டிய இடங்களில் கையெழுத்து வைத்திருக்கிறேன். அந்த நாலாவது கேள்வி என்ன என்பதை அதன் இடத்தில் சொல்கிறேன், ஏனென்றால் நடந்ததை நடந்தபடி ஒழுங்காகச் சொல்லவேண்டும் என்று இவர் சொல்கிறார்.

2024 வைகாசி மாதம் ஆறாந் திகதி நான் ஆறு மாத விசாவில் கனடா போனேன். மகனும் மருமகளும் என்னை நன்றாகவே வைத்திருந்தார்கள். குளிருக்கு இரண்டு கம்பளிச் சட்டையும் உள்ளுக்குப் பஞ்சு வைத்த சப்பாத்தும் வாங்கித் தந்தார்கள். மகன் விடிய ஐந்தரைக்கு வேலைக்குப் போய் பின்னேரம் ஆறு மணிக்கு வருவான். மருமகளுக்கு வயோதிபர் இல்லம் ஒன்றில் வேலை. காலையில் போனால் பொழுதுபட்ட பிறகுதான் வருவா. அதனால் கிழமையில் ஐந்து நாளும் பகல் முழுவதும் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். ரைஸ் குக்கர் வெந்து முடிந்ததும் ஒரு சத்தம் போடும். வந்த புதிதில் பகலில் என்னோடு கதைத்தது அது ஒன்றுதான்.

அந்த ஊரில் வேலி இல்லை, தள்ளித் திறக்கிற படலை இல்லை. புல்லுத்தரை ஒரு வீட்டில் தொடங்கி அடுத்த வீட்டுக்குள் போய்க்கொண்டே இருக்கும், எல்லை எது என்று அவர்களுக்கு மட்டும் தெரியும். ஒரே வீதியில் ஒரு வீட்டார் இங்கிலிசும் அடுத்த வீட்டார் பிரெஞ்சும் பேசுவார்கள். கடையில் நிற்கும் பெண் இரண்டு பாசையிலும் வணக்கம் சொல்லுவாள், நாங்கள் எதில் பதில் சொல்கிறோமோ அதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவாள். நான் இரண்டிலும் சொல்லாததால் அவள் எனக்குச் சிரிப்பு மட்டும் தந்து பழகிவிட்டாள். இரண்டு வீதி தள்ளி ஏரி. கரை தெரியாத பெரிய ஏரி, அலையும் உண்டு, ஆனால் உப்பு மணம் இல்லை. எங்கள் சாட்டிக் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமையில் சோற்றுப் பார்சலோடு வந்து சத்தம் போடுகிற சனத்தைப் பார்த்து நான் எத்தனையோ தரம் புறுபுறுத்திருக்கிறேன். அங்கே ஏரியைப் பார்த்தபடி நீள மரவாங்குகள் வரிசையாக இருக்க, அவற்றில் இருக்க ஆள் இல்லை. ஒவ்வொரு வாங்கிலும் ஒரு தகடு அடித்துப் பெயர் எழுதியிருந்தது. மகனிடம் கேட்டேன், செத்தவர்களின் பெயர் என்றான். அதன் பிறகு நான் அந்த வாங்குகளில் இருப்பதில்லை.

ஆனி மாதத்தில் ஒருநாள் காலை நான் தும்புத்தடியால் வாசல் கூட்டிக்கொண்டு போகையில் எல்லை தெரியாமல் பக்கத்து வீட்டு வாசலையும் கூட்டிவிட்டேன். அந்த வீட்டு அம்மா கதவைத் திறந்து வெளியே வந்தா. ஏசப்போறா என்றுதான் நினைத்தேன். அவ திரும்ப உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து எனக்குப் போட்டா, பிறகு தனக்கு ஒன்று கொண்டுவந்தா. அதன் பிறகு நெஞ்சில் விரலை வைத்து ஜிசேல் என்று சொன்னா, நானும் என் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரும் அவவின் வாய்க்குள் அடங்கவில்லை, லஷ்மி என்று குறைத்துக்கொண்டா. அவ பிரெஞ்சில் கதைத்தா, நான் தமிழில் கதைத்தேன். ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை என்பது உண்மைதான், அதற்காக நாங்கள் கதைப்பதை நிற்பாட்டவில்லை. என் கணவரின் கடைசி நாட்களைப் பற்றி மகனுக்குக்கூட நான் சொல்லாத விஷயங்களை அவவுக்குச் சொல்லியிருக்கிறேன். அவவும் யாரையோ பற்றி ஏதோ சொல்லி ஒருநாள் அழுதா. யாரைப் பற்றி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அன்று முதல் இது வழக்கமாகியது. காலை ஏழு மணிக்கு அவவின் முன்பக்க யன்னலில் திரை விலகும், அதன் பிறகு மஞ்சள் நிறக் கோப்பை ஒன்றை உயர்த்திக் காட்டுவா. நான் தும்புத்தடியை உயர்த்திக் காட்டுவேன். அதன் பிறகு இரண்டு பேரும் வெளியில் வந்து ஒரு மணித்தியாலம் மட்டில் இருப்போம். பின்னேரமும் சில நாளில் இருப்போம். நான் விடைபெற்று எழும்பும்போது "போட்டு வாறன்" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு அந்த ஒரு சொல்லை அவ பிடித்துவிட்டா. அவவும் வீட்டுக்குள் போகும்போது அதையே சொல்லுவா. அவவுக்கு ஒரு மகள், மிகத் தூரத்தில் இருக்கிறா என்று என் மகன் சொன்னான்.

ஆவணி இரண்டாந் திகதி, பஞ்சாங்கப்படி ஆடி வெள்ளி. சாமிப் படத்துக்கு வைக்கப் பூ இல்லை. விடிய ஆறு மணிக்கு முன்வீட்டு வாசல் ஓரச் செடியில் வெள்ளைப் பூ பூத்திருந்தது, போய் ஒரு பத்துப் பூப் பிடுங்கினேன். எங்கள் ஊரில் சாமிக்கென்றால் எந்த வேலியிலும் பிடுங்கலாம், வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மிச்சம் விடவேண்டும் என்பதுதான் முறை. நான் மிச்சம் விட்டுத்தான் பிடுங்கினேன். அந்த வீட்டு மனிதர் யன்னலில் நின்று என்னைப் படம் எடுத்துப் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். மத்தியானம் இரண்டு பொலிசார் வந்தார்கள். மகன் வேலையை விட்டு ஓடி வந்தான். அவர்கள் பெரிதாக ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆனால் நாற்பத்தொரு வயது மகன் என்னால் இரண்டு பேருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் படியில் நின்று பார்த்தேன். அதன் பிறகு அவன் என்னிடம், "அம்மா, இது எங்கட ஊர் இல்லை. மற்றவையின்ர நிலத்திலை ஒரு கால் வைக்கப்படாது. பதினொரு வருஷமா இந்த றோட்டிலை ஒருத்தற்ற வாயிலையும் விழாமல் இருக்கிறன்" என்று சொன்னான். நான் ஓம் என்றேன்.

அதன் பிறகு நான் ஜிசேலக்காவின் நிலத்திலும் கால் வைக்கவில்லை. என் கதிரையை மகனின் புல்லின் விளிம்பில் போட்டேன். அவ ஏதோ விளங்கிக்கொண்டா போல, தன் கதிரையைத் தன் பக்கத்து விளிம்பில் கொண்டுவந்து போட்டா. இரண்டு கதிரைக்கும் இடையில் ஒரு சாண். அடுத்த வெள்ளிக்கிழமை காலை தன் வளவுப் பூவில் கொஞ்சம் பிடுங்கி அந்த மஞ்சள் கோப்பையில் போட்டு என் கையில் தந்தா. அதற்குப் பிறகு அவ உயிரோடு இருந்த வெள்ளிக்கிழமை ஒன்றிலும் சாமிக்குப் பூ இல்லாமல் போகவில்லை. இது கேள்வியில் இல்லாத விஷயம் என்று இந்தப் பிள்ளை சொன்னார். இருக்கட்டும், எழுதும் என்று சொன்னேன்.

ஐப்பசி 19 ஆந் திகதி, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணி அளவில் ஜிசேலக்காவைக் கடைசியாகக் கண்டேன். குளிர் அதிகம் என்பதால் ஒரு போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம்தான் இருந்தா. பிறகு கன்னத்தில் கையை வைத்து, படுக்கப் போறேன் என்று காட்டிவிட்டு "போட்டு வாறன்" என்று சொல்லிப் போனா. நடையில் ஒரு வித்தியாசமும் நான் காணவில்லை.

20 ஆந் திகதி ஞாயிறு காலை ஏழு மணிக்குத் திரை விலகவில்லை. எட்டு மணிக்கும் விலகவில்லை. ஒன்பது மணிக்கு மகனை எழுப்பிச் சொன்னேன். அவன் யன்னலால் பார்த்துவிட்டு, மகளிடம் போயிருப்பா என்றான். அவவின்ர கார் நிற்குதே என்று நான் சொன்னேன். மகள் வந்து ஏற்றிப் போயிருப்பா என்றான். ஒருக்கால் போய் மணியை அடித்துப் பாரன் தம்பி என்று கேட்டேன். "ஞாயிற்றுக்கிழமை மற்றவையின்ர வீட்டு மணியை அடிக்கிறதோ? தேவையில்லாத சோலியம்மா" என்றான். அன்று பொழுதுபட்டபோது அவ வழக்கமாகப் போடும் குசினி லைற்றும் எரியவில்லை. நான் இரண்டாந் தரமும் மகனிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "பூப் பிடுங்கிப் பட்டது காணாதோ?" என்று கேட்டான். நான் போய்ப் படுத்துவிட்டேன்.

21 ஆந் திகதி திங்கட்கிழமை மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஏழு மணிக்குத் திரை விலகவில்லை. இரவு காற்றுக்கு இலைகள் கொட்டி அவவின் வாசல் தெரியாமல் மூடிக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் வெயில் ஏறியும் ஒரு வீட்டு முற்றம் கூட்டாமல் கிடந்தால் அடுத்த வீட்டிலிருந்து யாராவது என்ன ஏது என்று கேட்டு வருவார்கள். எனக்கு உள்ளே இருக்க மனம் வரவில்லை. எட்டு மணி அளவில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அவவின் புல்லில் கால் வைக்கவில்லை. சுற்றிக்கொண்டு வீதிக்குப் போனேன், வீதி அரசாங்கத்தின் சொத்து, அதில் நின்றால் ஒருவரும் முறைப்பாடு செய்ய ஏலாது என்று யோசித்தேன். அவவின் கதவுக்கு நேரே நின்றேன். என் வீட்டுப் படலையிலிருந்து கிணற்றடி மட்டும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் இருக்கும்.

அங்கே நின்று, "ஜிசேலக்கா" என்று கூப்பிட்டேன். கொஞ்சம் பொறுத்து, "ஜிசேலக்கா" என்று பலமாகக் கூப்பிட்டேன். மூன்றாந் தரம் "ஜிசேலக்கோய்" என்று என்னால் ஏலுமான மட்டும் கூப்பிட்டேன். வீதியில் நாயோடு போன ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளிருந்து சத்தம் இல்லை. கதவில் ஒரு மணி இருந்தது, அது இருப்பதும் எனக்குத் தெரியும். மணியை அடிப்பதென்றால் அவவின் நிலத்தில் ஏழெட்டு அடி நடக்க வேண்டும். நான் நடக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் படலையில் நின்று கூப்பிடுவோம். குசினியில் நின்றாலும் கிணற்றடியில் நின்றாலும் பதில் வரும். வருத்தமாய்க் கிடப்பவர்கூட ஒரு இருமலாவது இருமிக் காட்டுவார். மூன்று தரம் கூப்பிட்டும் பதில் வராவிட்டால் வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம், பிறகு உள்ளே போய் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. அறுபத்தெட்டு வருடமாக எனக்குத் தெரிந்தது இதுதான். ஆகவே ஆள் இல்லை, மகன் சொன்னபடி அவ மகளிடம் போய்விட்டா என்று முழுதாக நம்பினேன். நம்பின பிறகு ஆறுதலாக இருந்தது. அதன் பிறகு, எனக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் போய்விட்டாவே என்று மனவருத்தமும் கோபமும் வந்தது. அந்தக் கோபத்தில் என் மகனின் பக்கத்து இலைகளை மட்டும் கூட்டி அள்ளிவிட்டு அவவின் பக்கத்தை அப்படியே விட்டேன். நான் அங்கே செய்தவற்றில் இதை நினைக்கத்தான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. 22 ஆந் திகதி செவ்வாய்க்கிழமை முழுநாளும் நான் வெளியே போகவில்லை.

23 ஆந் திகதி புதன்கிழமை பின்னேரம் ஒரு பொலிஸ் காரும் அம்புலன்சும் வந்தன. அவவின் மகள் தொலைபேசி எடுத்து எடுத்துப் பார்த்துப் பதில் இல்லாமல் அறிவித்திருக்கிறா. கதவை உடைத்தார்கள். அதன் பிறகு மூடிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். அம்புலன்ஸ் சத்தம் போடாமல் மெதுவாகப் போனது, அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு இரண்டு பொலிசார் எங்கள் வீட்டுக் கதவடிக்கு வந்து, அப்போதுதான் வேலையால் வந்த மகனிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டார்கள். அவன் நான்கைந்து தரம் "நோன்" என்றான். அந்தச் சொல்லுக்கு இல்லை என்று அர்த்தம் என்பது அதற்குள் எனக்குத் தெரியும். நான் படியில் நின்றேன். அவர்கள் என்னைப் பார்த்தும் ஏதோ கேட்டார்கள், அதற்கும் மகனே "நோன்" என்று சொன்னான். கதவைச் சாத்திவிட்டு வந்து முகம் கழுவினான். என்னடா கேட்டவை என்றேன். ஒண்டுமில்லை அம்மா என்றான். மருமகள் இரவு குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றவ, திரும்பாமல், "விழுந்தால் அந்த வயசிலை தாங்களா எழும்பேலாது மாமி" என்று மட்டும் சொன்னா. அவ நாள் முழுக்க அப்படிப்பட்டவர்களைத் தூக்கி எழுப்புகிறவ.

கார்த்திகை இரண்டாந் திகதி நான் ஊருக்குத் திரும்பினேன். விமான நிலையத்தில் மகன் என் கையை விடாமல் பிடித்திருந்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவன் எனக்குத் தொலைபேசி எடுப்பான். கடிதம் வந்த பிறகு கிழமை நாட்களிலும் மூன்று தரம் எடுத்தான். "தெரியாது எண்டு மட்டும் சொல்லுங்கோ அம்மா. நான் அங்கை ஒண்டும் காணேல்லை எண்டு கையெழுத்து வைச்சிட்டன். நீங்கள் வேறை சொன்னால் என்ர சொல் பொய்யாப்போம். பிறகு உங்களை இஞ்ச கூப்பிடவும் ஏலாமல் போம்" என்று சொன்னான். வெருட்டினானா, பயந்து சொன்னானா என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. சாப்பிட்டியோ தம்பி என்று கேட்டேன்.

இனி இன்று நடந்தது. பொலிசுக்கு வந்த கடிதத்தோடு ஒரு படம் இணைத்திருந்தார்கள். ஜிசேலக்காவின் குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரின் படம். அதில் ஆனி மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் பென்சிலால் ஒரு சொல் எழுதியிருந்தது. எனக்கு அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது. இந்தப் பிள்ளை விரலை வைத்து, லஷ்மி, லஷ்மி, லஷ்மி என்று வாசித்துக் காட்டினார். ஐப்பசி 19 உடன் அது நிற்கிறது. அது யார் என்று தேடித்தான் அவவின் மகள் விசாரணைக்காரரிடம் கேட்டிருக்கிறா. அப்படித்தான் இந்தக் கடிதம் வேலணைக்கு வந்திருக்கிறது. இதைப் பார்த்த பிறகும் நான் மூன்று கேள்விக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். அவ்வளவுக்கு மகனுக்காகக் கல்லாக இருந்தேன்.

நாலாவது கேள்வி இது. மருத்துவ அறிக்கையின்படி அவ சனிக்கிழமை இரவு குசினியில் விழுந்திருக்கிறா, எழும்ப முடியாமல் கிடந்திருக்கிறா, திங்கட்கிழமை பின்னேரம் வரையிலாவது உயிரோடு இருந்திருக்கிறா, அந்த நேரத்துக்குள் எங்கள் வீட்டிலிருந்து யாராவது போய்க் கூப்பிட்டார்களா என்று கேட்டிருந்தார்கள். கிழமையை மட்டும் திரும்ப வாசியும் பிள்ளை என்றேன். திங்கட்கிழமை என்று திரும்ப வாசித்தார். நான் கூப்பிட்டது திங்கட்கிழமை காலை எட்டு மணி. அதன் பிறகு இவர் தண்ணி வேணுமோ அம்மா என்று கேட்டார். வேண்டாம், எழுதும் என்று சொன்னேன்.

அந்த நாட்டு யன்னல்கள் குளிருக்காக இரட்டைக் கண்ணாடி போட்டவை, வெளியில் கூப்பிட்டால் உள்ளே கேட்காது, அதற்கு நீங்கள் என்ன செய்வது என்று இந்தப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னார். அது எனக்கும் தெரியும். ஆறு மாதம் அப்படி ஒரு வீட்டுக்குள் இருந்திருக்கிறேன், வீதியில் பஸ் போனாலும் கேட்காது. தெரிந்திருந்தும் வீதியில் நின்று கூப்பிட்டேன். அவவுக்கு என் குரல் கேட்டிருக்கக்கூடாது என்று நினைக்கிறேன். கேட்டிருந்தால் பதில் சொல்லப் பாடுபட்டிருப்பா. பிறகு, கேட்டிருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன், தேடி ஒருத்தி வந்தாள் என்றாவது தெரிந்திருக்கும். இதில் எதை விரும்புவது என்று எனக்குத் தெரியவில்லை. இன்று நான் மனதறிந்து சொல்லும் தெரியாது இது ஒன்றுதான்.

ஐந்தாவது கேள்விக்கு, அதாவது யாருக்காவது சொன்னீர்களா என்பதற்கு, ஓம், என் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரம் சொன்னேன் என்று பதில் சொல்கிறேன். அவன் கெட்டவன் இல்லை. பனிக்காலத்தில் ஜிசேலக்காவின் வாசல் பனியைக் கேளாமலே வழித்து ஒதுக்குபவன் அவன்தான், அவவின் மகளுக்கும் அது தெரியும் என்று மருமகள் சொன்னா. அதையும் எழுதச் சொன்னேன். அவனுக்கு இது என்ன செய்யும் என்று யோசியாமல் நான் சொல்லவில்லை. எனக்கு இருப்பது ஒரு பிள்ளை. ஆனால் அந்த மனுசி நாலு மாதம் நாள் தவறாமல் என் பெயரை எழுதி வைத்திருக்க, அவவை எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுக்க என் கை வரவில்லை.

வேலணையில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, வீட்டுக்காரர் எல்லாரும் வெளிநாட்டில். மூன்றாம் வளவில் கஜானி என்ற பிள்ளை பால் வாங்க ஒன்றைவிட்டு ஒருநாள் வருவா. நான் ஊருக்குத் திரும்பி வந்த கிழமையே அவவிடம், என் முற்றம் கூட்டாமல் கிடந்தால் படலையில் நின்று கூப்பிடாதே, தள்ளித் திறந்துகொண்டு நேரே உள்ளுக்கு வா என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவ சிரித்தா. நான் சிரிக்கவில்லை.

இந்த வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஓரிடத்தில் மகன் உதவி செய்ய மறுத்தார் என்று இருந்தது. மறுத்தார் என்பதை வெட்டிவிட்டுப் பயந்தார் என்று எழுதச் சொன்னேன், அப்படியே எழுதினார்கள். மற்றவை நான் சொன்னபடியே இருக்கின்றன. ஒருவரும் என்னை ஏவவில்லை, ஏவின ஒருவர் சொன்னதை நான் கேட்கவில்லை. இதில் உள்ளது அத்தனையும் நான் கண்டதும் செய்ததும் செய்யாமல் விட்டதும்தான் என்று உறுதிசொல்லிக் கையெழுத்து வைக்கிறேன்.

ச. இலட்சுமிப்பிள்ளை

பதிவாளர் குறிப்பு: வாக்குமூலம் பதியப்பட்டுக்கொண்டிருந்தபோது 10.20, 10.45, 11.25 ஆகிய நேரங்களில் சாட்சியின் கைத்தொலைபேசிக்கு வெளிநாட்டு அழைப்பு வந்தது. அங்கே இப்போது சாமம், அவன் இன்னும் படுக்கவில்லை என்று சாட்சி சொன்னார், ஆனால் அழைப்பை ஏற்கவில்லை. பிற்பகல் 12.05 க்குக் கையொப்பமிட்ட பின்னர் நிலைய வாசல் வாங்கில் இருந்து அதே இலக்கத்துக்குத் தானே மூன்று தடவை அழைத்தார். பதில் இல்லை. 12.40 பஸ்ஸில் வேலணைக்குப் போனார்.

பெ.பொ.கா. மேர்சி